கூட்டாக வாங்கும் சோலைக் காணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் பனையும் இலுப்பையும் நாவலும் நிற்கிற ஒரு காணியை நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து வாங்கி, கூடாரம் அடித்துத் தங்கவும் பிள்ளைகள் ஓடி விளையாடவும் வைத்திருக்கிறோம். இது வெளியில் தெரிந்ததிலிருந்து கலியாண வீடு, கோயில் வீதி, தொலைபேசி என்று எங்கே யாரைக் கண்டாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிய பதில்களைப் படித்துவிட்டு நேரே கையெழுத்து வைக்கப் போகாதீர்கள். உங்கள் காணியின் உறுதிகளை, அதாவது உரித்துப் பத்திரங்களை, ஒரு நொத்தாரிசிடம் காட்டிய பிறகே எதையும் செய்யுங்கள்.

கூட்டுக் காணி எண்டால் என்ன? ஆளுக்கு ஒரு துண்டு பிரிச்சுத் தாறதோ?

இல்லை. உறுதியில் எழுதப்படுவது பிரிபடாப் பங்கு. ஓர் ஏக்கர், அதாவது 16 பரப்புக் காணியை எட்டுப் பேர் சமமாக வாங்கினால், ஆளுக்கு இரண்டு பரப்பு என்று பொருளில்லை. காணியின் ஒவ்வொரு அடி மண்ணிலும் ஒவ்வொரு மரத்திலும் ஒவ்வொருவருக்கும் எட்டில் ஒரு பங்கு உண்டு. எல்லோரும் எங்கும் நடக்கலாம், எவரும் ஒரு மூலையைத் தனக்கென்று மறிக்க முடியாது.

சோலைக்கு இதுதான் பொருத்தம். துண்டு துண்டாகப் பிரித்தால் எட்டு வேலி, எட்டுப் படலை, நடுவில் பாதை என்று பாதி மரம் போய்விடும். மிஞ்சுவது வீட்டுக் காணிதான்.

யாழ்ப்பாணத்தில காடு எங்க கிடக்கு? வன்னிக்கெல்லோ போகோணும்?

வன்னிக் காடு அநேகமாக முழுவதும் அரச காடு, அதை வாங்க முடியாது. குடாநாட்டுப் பக்கத்திலும் அப்படித்தான். மணற்காட்டுச் சவுக்கங்காடு அரசுடையது. சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. யாராவது வன்னியில் மலிவாகக் காடு இருக்கிறது என்று பெர்மிட் ஒன்றை, அதாவது அரச காணிக்குக் கொடுத்த அனுமதிப்பத்திரத்தை, காட்டினால் நிதானியுங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இப்படிக் கொடுத்த காணியை, பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. கூட்டாக வாங்குவதற்கு அது ஏற்ற காணியே அல்ல.

நமக்குக் கிடைக்கக்கூடியது தனியார் உறுதிக் காணி: பனங்கூடல், ஆளில்லாமல் விட்ட பழைய வளவு, கைவிட்ட தோட்டம். தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் தீவுகளிலும் இப்படிக் கிடக்கிறது. இடம்பெயர்ந்த காலத்தில் விட்ட வளவுகளைப் போய்ப் பாருங்கள். வேம்பு, விளா, நாவல், கொன்றை, மஞ்சவண்ணா, ஈச்சை என்று யாரும் நடாமலே முளைத்து நிற்கும். பறவை போட்ட விதையில் வந்த மரங்கள் அவை. அதைப் புல்டோசர் போட்டு வெளியாக்கிவிட்டு மாமரக்கன்று நடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எத்தனை பேர் சேர்ந்தால் நல்லது?

ஆறு முதல் பத்துக் குடும்பம் என்பது என் எண்ணம். அதைவிடக் குறைந்தால் ஒருவர் விலகும்போது மற்றவர்களால் அந்தப் பங்கைத் தாங்க முடியாது. கூடினால் ஒரு கூட்டம் வைப்பதே பெரும்பாடு.

காணி பாக்கப் போகேக்க எதைப் பாக்கோணும்?

இரண்டு தரம் போங்கள். ஒன்று மாரியில், கார்த்திகை மார்கழி மழைக்குள். வெள்ளம் எங்கே நிற்கிறது, ஒழுங்கை நடக்கக்கூடியதா என்று அப்போதுதான் தெரியும். மற்றது ஆடியில், சோளகக் காற்று அடிக்கும்போது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, உவர் ஏறியிருக்கிறதா என்று அள்ளிக் குடித்துப் பாருங்கள். பாதை ஒழுங்கையாகப் பதிவில் இருக்கிறதா, அல்லது பக்கத்து வளவுக்காரரின் நல்ல மனத்தில் நடக்கிற பாதையா என்பதையும் கேளுங்கள். இரண்டாவது என்றால், பாதை உரிமையை எழுதி வாங்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

பிறகு தாள். காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடத்துக்குப் பின்னோக்கித் தேடுவது வழக்கம். இங்கே உறுதிகள் தொலைந்த வீடுகள் ஏராளம், ஆனால் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். விற்பவர் வெளிநாட்டில் இருந்து அற்றோணித் தத்துவம் (இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த அதிகாரம்) மூலம் விற்கிறார் என்றால், அந்தத் தத்துவம் இன்னும் செல்லுபடியாகிறதா, விற்கும் அதிகாரம் அதில் இருக்கிறதா என்று பார்த்து, விற்பவரோடு நேரடியாகவும் பேசுங்கள். சேவையரைக் கூட்டிப் போய் எல்லைக் கல்லைப் பார்க்காமல் வேலியை நம்ப வேண்டாம். வேலி நகரும்.

முகமாலைப் பக்கம், பழைய முன்னரங்கக் காவல் வரிசைகள் இருந்த இடங்கள் என்றால் மிதிவெடி அகற்றி முடிந்த இடமா என்பதைப் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பிறகே காலை வையுங்கள். கடற்கரைக் காணி என்றால் இன்னொன்றும் இருக்கிறது: உயர் அலை மட்டத்திலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் எதைக் கட்டுவதற்கும் தனி அனுமதி வேண்டும்.

உறுதியில எல்லாருடைய பெயரையும் போடலாமோ? லண்டனில நாலு பேருக்கு மேல ஏலாது எண்டு மச்சான் சொல்லுறார்.

மச்சான் சொல்வது இங்கிலாந்துக்குச் சரி. அங்கே 1925ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு காணியின் சட்ட உரித்தில் நான்கு பேருக்கு மேல் பெயர் வராது. சிறு காடுகளைக் கூட்டாக வாங்குகிற நண்பர்கள், அந்த நால்வர் மற்றவர்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருப்பதாக எழுதிக்கொள்வார்கள். இங்கே அந்த எல்லை இல்லை. பத்துப் பெயரும் பத்துப் பங்கும் உறுதியிலேயே வரலாம், வரவும் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வாய்ப்பேச்சும் வெள்ளைத்தாளும் செல்லாது. “என்ர பேரில எழுதுவம், பிறகு பாப்பம்” என்று யாராவது சொன்னால் அந்தக் கூட்டில் சேராதீர்கள்.

கம்பனி தொடங்கிக் காணியை அதன் பெயரில் வாங்கவும் முடியும். தனியார் கம்பனியில் 50 பங்குதாரர் வரை இருக்கலாம். பங்கை மாற்றுவது சுலபம், ஆனால் வருடாவருடம் கணக்கும் படிவமும் கொடுக்க வேண்டும். பத்துக் குடும்பத்துக்கு அது தேவையில்லை. நல்ல உறுதியும் நல்ல ஒப்பந்தமும் போதும்.

கனடாவில இருக்கிற தம்பிக்கும் ஒரு பங்கு குடுக்கலாமோ?

அவர் இலங்கைக் குடியுரிமையை வைத்திருந்தால், அல்லது இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் கொடுக்கலாம். கனடியக் குடியுரிமை மட்டும் என்றால் முடியாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது, அது 2013 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து செல்லுபடியாகிறது. நெருங்கிய உறவின் மரணத்தால் முதுசமாக வருவதற்கு அந்தத் தடை இல்லை.

இரட்டைக் குடியுரிமை எடுக்கும்வரை காத்திருங்கள், அல்லது பங்கு இல்லாத விருந்தாளியாக வந்து தங்கட்டும். “காசு தம்பியின்ர, பேர் அக்காவின்ர” என்று எழுதுவது பிறகு அக்காவின் பிள்ளைகளுக்கும் தம்பியின் பிள்ளைகளுக்கும் சண்டையாக முடியும்.

பங்கை மனுசியின்ர பேரில எழுதினால் ஏதும் பிரச்சினை வருமோ?

எழுதலாம், நல்லதும் கூட. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, கலியாணத்துக்குப் பிறகு விலை கொடுத்து வாங்குவது பொதுவாகத் தேடியதேட்டம். உறுதியில் யார் பெயர் இருந்தாலும் மற்றவருக்கும் அதில் உரித்து வரும். ஆகவே வாங்கும்போதே கணவன் மனைவி இருவரும் கூட்டத்துக்கு வரட்டும், இருவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கட்டும்.

தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. இது மாற வேண்டிய சட்டம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் இன்றைக்கு உறுதி எழுதுகிறவர் அதைக் கவனித்தே ஆக வேண்டும்.

ஒருத்தர் தன்ர பங்கை வெளியாளுக்கு விக்க வெளிக்கிட்டால் என்ன செய்யிறது?

இந்த இடத்தில் எங்கள் பழைய சட்டம் கைகொடுக்கிறது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட காணியில் பங்கை விற்க நினைப்பவர் முதலில் மற்றப் பங்காளிகளுக்கும் தன் உரித்தாளர்களுக்கும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். வாங்கும் முதல் உரிமை அவர்களுக்குத்தான். அறிவிக்காமல் விற்றால் நீதிமன்றம் போய் அந்தப் பங்கைக் கேட்கலாம்.

ஆனால் உரிமை இருந்தாலும் கையில் காசு வேண்டுமே. அவர் கேட்கிற விலையைக் கொடுக்க முடியாவிட்டால் உரிமை வெறும் தாள்தான். அதனால் விலையை எப்படித் தீர்மானிப்பது, தவணையாகக் கொடுக்கலாமா, எத்தனை மாதம் அவகாசம் என்பதை வாங்கும் நாளிலேயே எழுதுங்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிற நாளில் எழுதினால்தான் நியாயமாக வரும்.

“எனக்குப் பிரிச்சுத் தா” எண்டு ஒருத்தர் நிண்டால்?

அவருக்கு அந்த உரிமை உண்டு. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டப்படி எந்தப் பங்காளியும், எவ்வளவு சிறிய பங்கு என்றாலும், மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். நீதிமன்றம் சேவையரை நியமித்து அளந்து பிரிக்கும். பிரிக்கத் தோதில்லை என்றால் விற்றுக் காசைப் பிரிக்கச் சொல்லும். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும், அதுவரை காணியில் எவரும் நிம்மதியாகக் கூடாரம் அடிக்க முடியாது.

இந்தக் கட்டுக்குள் வராமல் இருக்க ஒரே வழி, வெளியேற விரும்புகிறவருக்கு வழக்கைவிடச் சுலபமான ஒரு கதவைத் திறந்து வைப்பது. முன் பதிலில் சொன்ன விலை ஏற்பாடு அதற்காகத்தான். விலக நினைப்பவரைத் துரோகி போலப் பார்க்காதீர்கள். மகளுக்குச் சீதனம், பிள்ளைக்கு வெளிநாட்டுப் படிப்பு என்று காசு தேவைப்படும் காலம் எல்லா வீட்டுக்கும் வரும்.

பங்காளி ஒருவர் காலமானால்?

அவருடைய பங்கு உரித்தாளர்களுக்குப் போகும். எட்டில் ஒன்று நான்கு பிள்ளைகளுக்கென்றால் ஆளுக்கு முப்பத்திரண்டில் ஒன்று. இன்னொரு தலைமுறை போனால் கணக்குப் பார்க்கவே ஆள் வேண்டும். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வளவுகள் விற்கவும் முடியாமல் திருத்தவும் முடியாமல் கிடப்பது இப்படித்தான். ஒவ்வொரு பங்காளியும் தன் பங்கு யாருக்கு என்று மரணசாதனம் எழுதிவைப்பது நல்லது. உரித்தாளர் எத்தனை பேர் வந்தாலும் கூட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு என்று ஒப்பந்தத்தில் போடுங்கள்.

ஒப்பந்தத்தில வேற என்ன எழுதோணும்?

விலகல், மரணம் இரண்டையும் மேலே சொல்லிவிட்டேன். மற்றது: வருடாந்தப் பணம் எவ்வளவு, யார் கையில், எந்த வங்கிக் கணக்கில், எத்தனை கையெழுத்தில். யார் யார் எத்தனை விருந்தாளிகளைக் கூட்டி வரலாம். நல்லூர்த் திருவிழா, நத்தார், பள்ளி விடுமுறை நாட்களில் இடத்தை எப்படிப் பங்கிடுவது. பாட்டுப் பெட்டி எத்தனை மணிக்கு நிற்க வேண்டும். குடி உண்டா, இல்லையா. இந்தக் கடைசி விடயத்தைப் பேசக் கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள், முதல் சண்டை அதில்தான் வரும்.

ஒரு பங்காளி கொட்டில் போட்டுட்டு “இது என்ர மூலை” எண்டு சொல்லுறார். பத்து வருசம் போனால் அவருக்கே சொந்தமாகுமோ?

வெளியாள் ஒருவர் உரிமையாளரை ஏற்காமல் தன்னுடையது என்றே பத்து வருடம் ஆண்டால் ஆட்சியுரிமை கேட்கலாம் என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டம். பங்காளிக்கு அவ்வளவு சுலபமில்லை. ஒரு பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிகளின் ஆட்சியாகவே கொள்ளப்படும், மற்றவர்களை வெளிப்படையாக வெளியேற்றி ஆண்டதாக அவர் நிரூபிக்க வேண்டும். 1911இல் கொறயா எதிர் அப்புஹாமி வழக்கில் லண்டனில் இருந்த அன்றைய மேன்முறையீட்டு மன்றமான பிரிவிக் கவுன்சில் சொன்னது அது.

அதற்காகப் பேசாமல் இருக்க வேண்டாம். மற்றவர்களின் சம்மதம் இல்லாமல் நிரந்தரக் கட்டடம் போட ஒருவருக்கு உரிமையில்லை. அத்திவாரம் வெட்டும்போதே எழுத்தில் ஆட்சேபியுங்கள். கூடாரம் அடித்து, கழற்றி, எடுத்துக்கொண்டு போவது என்ற பழக்கமே நல்லது. இடமும் மாறும், புல்லும் திரும்ப முளைக்கும்.

மரம் தறிக்கலாமோ? பனையைச் சீவக் குடுக்கலாமோ?

1951ஆம் ஆண்டின் மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றும் வருகின்றன. உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி இல்லாமல் விழுத்தக் கூடாது. விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) தொடங்கிப் பிரதேச செயலகம் போங்கள். மற்ற மரங்களுக்கு எங்கள் காணியில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: எல்லாப் பங்காளியும் சம்மதித்தால் மட்டுமே கத்தி வைக்கலாம்.

கள்ளுச் சீவலுக்குக் கொடுப்பது நல்ல விடயம். சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் மூலம் ஒழுங்கு செய்யுங்கள். ஆள் நடமாட்டம் இருக்கும், காவோலையும் விழுத்தப்படும். நுங்கு, பனம்பழம், கிழங்கு என்று வருடத்தில் பல மாதம் பிள்ளைகளுக்கு வேலையும் தீனியும் இருக்கும். பனம்பழம் சுட்டுச் சூப்பத் தெரியாத பிள்ளைகள் யாழ்ப்பாணத்திலேயே வளர்கிறார்கள், அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நெருப்பு மூட்டிச் சமைக்கலாமோ?

மாரியில் தாராளமாக. காண்டாவன வெயில் தொடங்கிச் சோளகம் முடியும்வரை பனங்கூடலுக்குள் திறந்த நெருப்பு வேண்டாம். விழுந்து கிடக்கிற காவோலையும் பன்னாடையும் ஒரு பொறியில் பிடிக்கும், காற்று அதை வட்டுக்கு ஏற்றிவிடும். தீயணைப்பு வண்டி தூரத்திலிருந்து ஒழுங்கைக்குள் திரும்பி வருவதற்குள் பக்கத்து வளவின் கிடுகு வேலியும் போய்விடும்.

அடுப்புக்கு ஓர் இடத்தை நிரந்தரமாகத் துப்புரவாக்கி, கல் வைத்து, பக்கத்தில் மண்ணும் ஒரு பீப்பாய்த் தண்ணீரும் வையுங்கள். படுக்கப் போகுமுன் தண்ணீர் ஊற்றி, கிளறி, திரும்ப ஊற்றுங்கள்.

பாம்பு கிடக்குமே. பிள்ளையளை எப்பிடிப் படுக்க வைக்கிறது?

கிடக்கும். மணல் பாங்கான இடத்தில் சுருட்டை விரியன், பற்றைக்குள் புடையன், நாகம். தரை உள்ள, சிப் பூட்டுகிற கூடாரம் வாங்குங்கள். இரவில் ரோச் இல்லாமல், செருப்பில்லாமல் ஒரு அடி வைக்க விட வேண்டாம். சப்பாத்தை உதறிப் போடச் சொல்லிக் கொடுங்கள். காவோலைக் குவியலுக்குப் பக்கத்தில் கூடாரம் வேண்டாம்.

கடித்தால் வெட்டாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 1990க்கு அடித்து அம்புலன்சில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பாம்பைத் தேடி அடித்து நேரம் போக்க வேண்டாம். காணியின் படலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் என்று முதல் நாளே ஓடிப் பாருங்கள்.

கக்கூசு கட்டோணுமோ? தண்ணிக்கு என்ன வழி?

கட்ட வேண்டும், கூடாரத்துக்கு முதல் அதுதான். குறிப்பாகப் பெண்களும் பெண் பிள்ளைகளும் இரவு தங்க வேண்டுமென்றால் பூட்டுள்ள, வெளிச்சமுள்ள கக்கூசு இல்லாமல் அந்த இடம் ஆண்களின் இடமாகவே போய்விடும். எத்தனையோ குழுக்கள் அப்படித்தான் தேய்ந்தன.

யாழ்ப்பாணத்து மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். குழியில் விடுகிறது வெடிப்புகளால் இறங்கி விரைவாகக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். அதனால் அடியில் சீமெந்து போட்டு அடைத்த குழி, கிணற்றிலிருந்து காணி இடம் கொடுக்கிற அளவுக்கு எட்டத்தில். பிரதேச சபையின் அனுமதியோடு கட்டுங்கள்.

காணிக்குள்ள ஒரு வைரவர் சூலம் இருக்கு. ஊர்ச்சனம் பொங்க வருகுது. மறிக்கலாமோ?

மறிக்காதீர்கள். அந்தச் சனம் உங்களுக்கு முன்னமே அந்த மரத்தடிக்கு வந்துகொண்டிருந்தவர்கள். பத்து வருடத்துக்கு மேல் ஒரு பாதையை உரிமையோடு பாவித்தவர்களுக்குச் சட்டத்திலும் வழியுரிமை கேட்க இடமுண்டு. பாதையையும் பொங்கல் நாளையும் ஒப்பந்தத்தில் எழுதி, அன்றைக்கு நீங்களும் ஒரு பானை வையுங்கள். ஆளில்லாத நாட்களில் காணியைக் கவனிக்கப் போகிறவர்களும் அவர்கள்தான்.

எங்கட ஆக்கள் மட்டும் சேர்ந்தால் பிரச்சினை வராதெல்லோ?

இந்தக் கேள்வியில் என்ன மறைந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கிணறு ஒன்று, வாளி ஒன்று, எல்லோரும் அள்ளுவார்கள், ஒரே பானையில் சாப்பிடுவார்கள். அதற்கு மனமில்லாதவர் பங்கு வாங்க வேண்டாம். பிரச்சினையைக் கொண்டு வருவது கணக்கு வைக்காத ஆட்கள். அவர்கள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள்.

வெளியாக்களுக்கு வாடகைக்கு விட்டால் செலவு பிடிக்கலாமே?

சாரணர் பாசறைக்கோ பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கோ ஒன்றிரண்டு நாள் கொடுப்பதை நான் ஆதரிக்கிறேன், பொறுப்பாசிரியர் எழுத்தில் பொறுப்பெடுத்தால். தொடர்ச்சியாகக் காசுக்கு விடுவது வேறு கதை. அது வியாபாரம், பிரதேச சபை அனுமதியும் வரியும் வரும். ஒரு பங்காளி எதிர்த்தாலும் செய்யக் கூடாது, ஏனென்றால் அவருடைய பங்கையும் சேர்த்துத்தான் நீங்கள் வாடகைக்கு விடுகிறீர்கள்.

காசு மட்டும் தந்துட்டு வேலைக்கு வராத பங்காளியை என்ன செய்யிறது?

ஒன்றும் செய்ய வேண்டாம், ஒப்பந்தத்தில் இரண்டு வழி வையுங்கள். மாரிக்கு முன் ஒரு சிரமதானம், தைப்பொங்கல் கழிய ஒன்று. வர முடியாதவர் அந்த நாளுக்கு ஒரு கூலியாளின் சம்பளத்தைக் கட்டட்டும். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களுக்கு இதுவே மரியாதையான வழி. காசும் கட்டாமல் வேலைக்கும் வராமல் இரண்டு வருடம் போனால், நிலுவையை அவருடைய பங்கின் விலையில் கழிக்கலாம் என்று எழுதிவையுங்கள். அந்த வரி இருந்தால் பெரும்பாலும் அதைப் பாவிக்கத் தேவை வராது.